ஆறு சதவீதம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியியல் துறையில் தலைவர் பதவியை யாரும் அடித்துப்பிடித்து வாங்கியதாகக் கதை கிடையாது. அது முறைவைத்து வரும். மூன்று வருடத்துக்கு ஒருவர் தலையில் இறங்கும். முறை நெருங்குகிற வருடம் பார்த்து ஒருவருக்கு முதுகுவலி வந்துவிடும். இன்னொருவருக்கு ஆராய்ச்சி மாணவர்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். இந்த முறை அப்படி இரண்டு பேர் நழுவியதில், மண் பாடம் நடத்துகிறவளின் தலையில் வந்து விழுந்தது. மாணவர்கள் அவளை மண்ணு மேடம் என்பார்கள். நழுவத் தெரியாதவள்.

தலைவர் என்றால் தொலைநோக்கு, ஆராய்ச்சி, பாடத்திட்டம் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தலைவரின் வேலை. ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேராசிரியர்கள் ஒரே புரொஜெக்டர் அறையை ஒரே மணிக்குக் கேட்பார்கள். அதைத் தீர்ப்பது தலைவரின் வேலை. கால அட்டவணையில் காலை எட்டு மணி வகுப்பை யாருக்குப் போடுகிறாளோ அவர் பகையாளி. நில அளவைப் பாடம் நடத்துகிற சர்வே சாருக்குப் போட்டாள். அன்றிலிருந்து அவர் படியில் எதிரே வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவளுடைய கணவனும் அதே துறை. அவளுக்கு முன்னாலேயே சேர்ந்தவன், கான்கிரீட் ஆய்வகம் அவன் பொறுப்பு. ஆனால் முறை அவனுக்கு வராது, டாக்டர் பட்டம் இல்லை. இரண்டு தடவை ஆரம்பித்தான். முதல் தடவை வழிகாட்டி வேலையை விட்டுப் போனார். இரண்டாம் தடவை அவனே விட்டுவிட்டான். "நமக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்று சொல்லிக்கொள்வான். தலைவலி வேண்டாதவன் சொல்ல வேண்டிய அளவுக்கு மேலேயே சொன்னான்.

இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். அவன் ஓட்ட, அவள் பின்னால். பல்கலைக்கழக வாயில்வரைக்கும் அவள் "நீ". வாயிலைத் தாண்டினால் "மேடம்". அவன் அவளுக்கு வெளியே "என்னங்க", உள்ளே "சார்". காவலாளிகூட இதைக் கவனித்துச் சிரித்திருக்கிறார். ஒரே பையன், வெளியூரில் படிக்கிறான். வீட்டில் மூன்றாவது ஆள் கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், தையல் மெஷின் வைத்திருக்கிறாள். தம்பி பெண்டாட்டி தலைவர் ஆன நாளிலிருந்து அவளை "ஹெட்டம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் பெருமை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கான்கிரீட் ஆய்வகம் தரைத்தளத்தில், பின்பக்கம் மாடியில்லாமல் நீட்டிக் கட்டிய பகுதி. உள்ளே நுழைந்தால் ஈரச் சிமென்ட் வாசனை. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. அதில் கான்கிரீட் கட்டிகள் ஊறிக்கொண்டிருக்கும். நகரத்தில் வீடு, கடை, கிடங்கு கட்டுகிறவர்கள், தூணுக்கும் தளத்துக்கும் ஊற்றிய அதே கலவையில் அரை அடிச் சதுரத்துக்குக் கட்டி வார்த்து, சாக்கில் சுற்றி இங்கே கொண்டுவருவார்கள். அதை மெஷினில் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அமுக்குவார்கள். பாரம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நெறுநெறுவென்று சத்தம் வந்து கட்டி பிளக்கும். எந்தப் பாரத்தில் பிளந்ததோ அதுதான் அந்தக் கட்டடத்தின் மதிப்பெண். அதை எழுதி, கணவன் கையெழுத்துப் போட்டு, மேலே தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அங்கே அடுத்த மாடி ஏறும்.

பழைய மெஷினில் கடிகாரம் மாதிரி ஒரு முள் இருந்தது. வயசாகி, நூற்றாறு இருந்தால் நூறு என்று குறைத்துக் காட்டும். அதனால் அவன் முள் காட்டுவதை ஆறு சதவீதம் கூட்டிச் சொல்வான். தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. முள் நின்ற நொடியில் வாயில் விடை வரும். மாணவர்கள் வித்தை பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கால்குலேட்டர் சார் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்பதுபோல் நடப்பான். ஆனால் புது வகுப்பு வந்தால் முதல் நாளே நாலு கட்டியை உடைத்துக் காட்டாமல் விடமாட்டான்.

போன வருட விடுமுறையில் முள்ளைக் கழற்றிவிட்டு, எண் காட்டுகிற டப்பா ஒன்றை மாட்டினார்கள். மாட்ட வந்த ஆள் எல்லாவற்றையும் சரிபார்த்து, உள்ளதை உள்ளபடி காட்டுகிற மாதிரி செய்துவிட்டுப் போனான். அந்த வாரம் கணவன் அக்காவின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தான். திரும்பி வந்தான். டப்பாவில் சிவப்பு எழுத்து எரிந்தது, நன்றாக இருக்கிறது என்றான். கட்டியை வைத்தான், அமுக்கினான், எண் நின்றது. வாய் பெருக்கியது. பதினோரு வருடம் ஒரு வேலையைச் செய்த வாய் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யாது.

மழைக்காலம் தொடங்கியபோது ஆய்வகக் கூரை ஒழுகியது. தர ஆய்வுக்குழு வரப்போகிறது என்று கடிதம் வந்திருந்தது. குழு வரும்போது மாணவர்கள் தலையில் சொட்டினால் அசிங்கம். மண்ணு மேடம் பராமரிப்பு ஆளைக் கூட்டிக்கொண்டு, வாளியோடு கீழே வந்தாள். இரண்டாம் வருட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நெறுநெறுவென்றது. டப்பாவில் ஐநூற்று நாற்பது நின்றது.

"ஐநூத்து எழுபத்திரெண்டு. எழுதிக்குங்க" என்றான் கணவன், மாணவர்கள் பக்கம் திரும்பியபடியே.

எழுதிக்கொண்டார்கள். டப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை. கால்குலேட்டர் சார் சொன்ன பிறகு எதற்குப் பார்ப்பார்கள்? அவளும் கூரையைப் பார்த்துவிட்டு, வாளியை எங்கே வைப்பது என்று காட்டிவிட்டு வெளியே வந்தாள். பாதிப் படியில் கால் நின்றது. பராமரிப்பு ஆள் பின்னால் இடித்துக்கொண்டான்.

"என்ன மேடம், இங்கயும் ஒழுகுதா?"

"இல்ல. நீங்க போங்க."

அங்கேயே போய்க் கேட்டிருக்கலாம். முப்பது பிள்ளைகள் முன்னால் கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் வீட்டில், சமையலறை மேஜையில் கேட்டாள். நாத்தனார் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, மெஷின்ல மாட்டின அந்த டப்பா சரியாக் காட்டுதா?"

"அட்சரசுத்தமா காட்டுது. ஏன்?"

"சரியாக் காட்டுறதை எதுக்குப் பெருக்குறீங்க?"

"மெஷின் குறைச்சுல்ல காட்டும். அதுக்குத்தான்."

"குறைச்சுக் காட்டினது முள்ளு. முள்ளைத்தான் கழட்டியாச்சே."

முட்டை பாதி உரித்தபடி அவன் கையில் நின்றது. முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினான். சாப்பிடவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் ஆகல. பசிக்கல."

மறுநாள் ஸ்கூட்டரை அவளுக்கு விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனான். பாரத்தைச் சரிபார்க்க ஆய்வகத்தில் ஒரு எஃகு வளையம் உண்டு. அதை மெஷினில் வைத்து, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வகுப்பு தொடங்கும்வரை பார்த்திருக்கிறான். அவள் உள்ளே வந்தபோது வளையத்துக்கு எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"டப்பா சரி" என்றான்.

அதன்பிறகு வீட்டிலும் அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

"மேடம், உப்பு."

அவள் உப்பை நகர்த்தினாள்.

"என்னடா இது, சோத்துத் தட்டுலயும் மீட்டிங்கா?" என்றாள் அக்கா. "ரெண்டு மேதைங்களும் என்ன கூத்து பண்றீங்க? எனக்குச் சொல்லித் தொலைங்களேன்."

அவன் குளிக்கப் போனபோது நாத்தனார் இவளைப் பிடித்துக்கொண்டாள். இவள் சொன்னாள். ஒரு வருடமாகக் கான்கிரீட்டின் பலம் நூறு இருந்தால் நூற்றாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதை நம்பி ஆட்கள் மேலே மேலே கட்டியிருக்கிறார்கள், எல்லாருக்கும் தகவல் சொல்லியாக வேண்டும் என்றாள்.

"ஆறுதானே? நான் சட்டை தைக்கிறப்போ ஒரு விரல் கூடக்குறைய விடத்தான் செய்யறேன். யாரு செத்துப் போனா?"

"சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம் அண்ணி. தூணை எப்படிப் பிரிக்கறது?"

"எதாச்சும் இடிஞ்சிருக்கா?"

"இல்ல."

"பின்ன என்ன? இனிமே சரியாச் சொல்லச் சொல்லு. முடிஞ்சு போச்சு."

"ஏற்கெனவே சொன்னதை என்ன பண்றது?"

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் அது சண்டை.

"இந்தா பாரு ஹெட்டம்மா. அவனுக்கு அந்த ஆபீஸ்ல இருக்கறது அந்த ஒரு பேருதான். பட்டம் இல்ல, பதவி இல்ல. கணக்குல புலின்னு நாலு பேர் சொல்றான், அதுல ஓட்டிட்டிருக்கான். அதையும் நீயே பிடுங்கி அதே நாலு பேர் முன்னாடி அவனை நிக்க வெச்சேன்னா, அப்புறம் நீ அந்தக் கட்டடத்துல ஹெட்டா இருந்துக்கலாம். இந்த வீட்டுல நீ என்னவா இருப்பேன்னு எனக்குத் தெரியாது."

நாத்தனார் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

துறையில் அவளுக்கு முந்தின தலைவர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுவார். பழைய ஹெட் என்றே எல்லாரும் சொல்வார்கள். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் அதிரவில்லை. ஜன்னலைச் சாத்தினார், மழைச்சாரல் மேஜையில் அடித்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"துறையில எனக்கும் அவருக்கும். இப்போ உங்களுக்கு."

"அப்போ பிரச்சினையே இல்லையே. குழு வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் மெதுவா யோசிக்கலாம். டிசைன்லயே எவ்வளவு பாதுகாப்பு விட்டுருக்கோம், ஆறு சதம் அதுக்குள்ளயே அடங்கிடும். உனக்கு நான் சொல்லணுமாம்மா?"

"அந்தப் பாதுகாப்பு கொத்தனார் தப்புக்கு விட்டது சார். மணல்ல ஈரம் கூடிச்சுன்னா அதுக்கு விட்டது. அதுல நமக்குப் பங்கு கிடையாது. நாம உள்ள பூந்து தின்னுட்டு, மிச்சம் இருக்கும்னு சொல்லக் கூடாது."

"மண்ணுக்காரங்களே இப்படித்தான். எல்லாத்துலயும் சந்தேகம்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நம்ம லேப் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு நாம சரின்னு சொன்னாலும் எவனும் நம்பமாட்டான். ஒரு துறையை நடத்தறதுன்னா சிலதை முழுங்கணும்மா. நானும் முழுங்கியிருக்கேன்."

எதை முழுங்கினார் என்று அவள் கேட்கவில்லை. தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். மேஜைமேல் அன்றைக்குப் போக வேண்டிய பரிசோதனை முடிவுகள் அடுக்கியிருந்தன. மூன்று மாதமாக இந்த அடுக்கில், ஒன்றைக்கூடப் படிக்காமல், அம்புக்குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கடைசிக் கையெழுத்து அவளுடையது. கீழே இறங்கி ஆய்வகத்துக்குப் போனாள். கணவன் தனியாகத் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஸ்டாஃப் மீட்டிங் போட்டிருக்கேன்."

"நோட்டீஸ் பார்த்தேன். நான் லீவு."

"நீங்க இல்லாம எப்படிங்க?"

"இங்க சார்னு சொல்லு. முதல்ல என்னை இந்த லேப்ல இருந்து எடு. மெமோ குடு. வேற ஆளைப் போடு. அப்புறம் எல்லாருக்கும் தகவல் அனுப்பு. அப்போதான் துறை சுத்தம்னு தெரியும்."

"உங்களை எடுத்துட்டா யாரு இதைச் சரி பண்றது?"

"யாராச்சும் டாக்டர் பட்டம் வாங்கினவன் பண்ணுவான்."

தண்ணீர் வடிகுழாயில் கொரகொரவென்று இறங்கியது.

"மீட்டிங்ல உங்க பேர நான் சொல்லமாட்டேன். துறை தப்புப் பண்ணிச்சுன்னுதான் சொல்லுவேன்."

"அதைவிட என்னைச் செருப்பால அடிக்கலாம்" என்றான். "துறையா பெருக்கிச்சு?"

மறுநாள் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள், அவனைத் தவிர. நீளமான அறை. மழைச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று முன்னால் நெருங்கி உட்காரச் சொன்னாள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. ஆய்வுக்குழு விஷயம் என்று நினைத்துத் தண்ணீர் ஆய்வகத்து சார் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்திருந்தார். அவள் சுற்றிவளைக்கவில்லை.

"நம்ம கான்கிரீட் லேப்ல போன வருஷம் டப்பா மாத்தினதுக்கு அப்புறம் குடுத்த ரிசல்ட் எல்லாம் ஆறு சதம் கூட. கடைசி மூணு மாசம் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், பாக்காம. அதுக்கு முன்னாடி நம்ம பழைய ஹெட் போட்டிருக்காரு. எல்லா ரிசல்ட்டையும் ஆறு சதம் குறைச்சு, மறுபடி பார்த்து, யாருக்குத் தேவைக்குக் கீழ போகுதோ அவங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லணும். இந்த வாரத்துக்குள்ள."

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. ஒவ்வொருவரும் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோல் தேநீரைப் பார்த்தார்கள்.

பழைய ஹெட் தொண்டையைச் செருமினார். "இது கொஞ்சம் அவசரமான முடிவுன்னு எனக்குப் படுது. குழு வரப்போற நேரத்துல..."

"குழு கேட்டா இதையும் காட்டலாம் சார்."

"எதை? தப்பையா?"

அப்போது கதவு திறந்தது. கணவன் நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். பஸ்ஸும் இல்லாமல் நடந்து வந்திருக்க வேண்டும். உள்ளே வந்து, தன் நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம் சொல்றது தப்பு" என்றான்.

புருஷன் பெண்டாட்டி சண்டை இங்கே வந்துவிட்டது என்று சர்வே சார் தன் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எல்லா ரிசல்ட்டையும் குறைக்கக் கூடாது. நான் லீவு போட்ட நாளெல்லாம் லேப் உதவியாளர்தான் வாசிச்சாரு. அவரு பெருக்கல. டப்பாவுல இருந்ததை அப்படியே எழுதினாரு. அதெல்லாம் சரி. அதையும் குறைச்சீங்கன்னா, சரியா இருக்கறதையும் தப்பாக்கிடுவீங்க." மூச்சு வாங்கினான். "தப்பு நான் வாசிச்சதுல மட்டும்தான். டப்பா சரியாக் காட்டினதை நான் பெருக்கிச் சொன்னேன். பழக்கத்துல. மெஷின் பண்ணல, துறை பண்ணல, நான்."

"இன்னொண்ணு" என்றான். "ஆறு சதம் குறைக்கறதும் தப்பு. ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஆறால வகுக்கணும். ரெண்டும் ஒண்ணு இல்ல. இதைக்கூடவா நான் சொல்லணும்?"

தண்ணீர் சார்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கால். பிறகு சர்வே சார். பிறகு முழு அறையும். கேலி இல்லை, நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த எதுவோ வெளியே போகிற சிரிப்பு. அவன் முதலில் முறைத்தான். பிறகு ஈரச் சட்டையோடு உட்கார்ந்தான். யாரோ ஒருவர் துண்டு கொடுத்தார்.

"சரி சார்," என்றாள் மண்ணு மேடம். "நீங்க வகுத்துச் சொல்லுங்க. நாங்க எழுதிக்கறோம்."

"நான் சொல்றதை எழுதிக்காதீங்க. அதுதான் வினையே. ஆளுக்கொரு கால்குலேட்டர் எடுங்க."

அன்றைக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லாதவர்கள் எல்லாரும் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவர் வாசித்தார், ஒருவர் வகுத்தார், ஒருவர் சரிபார்த்தார். முதுகுவலிக்காரர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். பழைய ஹெட் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெரும்பாலான கட்டடங்கள் வகுத்த பிறகும் தேவைக்கு மேலேயே நின்றன. மூன்றுதான் கீழே போயின. ஒரு கிடங்கின் தரை, ஒரு சுற்றுச்சுவரின் அடித்தளம், இரண்டு மாடி மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத் தூண்கள். முதல் இரண்டுக்கும் போன் செய்தாலே போதும், யார் உயிருக்கும் கேடில்லை. மூன்றாவதற்கு நேரில் போக வேண்டும். கணவனும் மனைவியும் போனார்கள்.

ஒப்பந்தக்காரர் பெரிய உடம்புக்காரர். ஹெல்மெட்டைத் தலையில் பின்னால் தள்ளி வைத்திருந்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"ஏன் சார், பாஸுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ரிசல்ட் வந்து, எல்லாருக்கும் மிட்டாய் குடுத்து, அடுத்த கிளாஸ்ல உக்கார வெச்சதுக்கப்புறம் வந்து ஃபெயிலுன்னா எப்படி சார்?"

"ஃபெயிலான்னு இன்னும் தெரியல. தூண்லயே துளை போட்டு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"துளையா? என் தூண்லயா? வாத்தியாருங்க தப்புக் கணக்குப் போடுவீங்க, என் தூணைக் குடையணுமா?"

"ஆமா" என்றான் கணவன். "கணக்கைத் தப்பாச் சொன்னது நான்தான். வேற யாரையும் திட்டாதீங்க."

ஒப்பந்தக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவதற்கு ஆள் எதிரே நின்று ஒப்புக்கொண்டால் திட்டு பாதியில் நின்றுபோகிறது. வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டு, "மேல தளம் வர்ற வாரம் ஊத்தறதா இருந்தேன்" என்றார். "ஆளு, வண்டி, எல்லாம் சொல்லியாச்சு."

"நிறுத்துங்க" என்றாள் மண்ணு மேடம். "நாலு நாள். அதுக்குமேல ஆனா என்னை வந்து கேளுங்க."

துளை போடுகிற மெஷினைத் தூணில் பட்டைபோட்டுக் கட்டினார்கள். நீளக் குழாய் மாதிரி வெட்டுவாய் சுழன்று உள்ளே இறங்கும். சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் போதவில்லை. துறைத்தலைவர் ஹோஸ் பிடித்தாள். சாம்பல் நிறச் சேறு தெறித்து அவள் புடவையில், அவன் பேன்ட்டில், ஒப்பந்தக்காரரின் கன்னத்தில் அடித்தது. சத்தத்தில் பேச முடியாது. அவன் கையைக் காட்டினால் அவள் தண்ணீரைக் கூட்டுவாள், விரலை மடக்கினால் குறைப்பாள். பல நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் முழங்கை நீளத்தில் கல் உருளைகள் சாக்கில் வரிசையாகக் கிடந்தன.

உருளைகளை உடைத்துப் பார்க்கிற அன்று ஒப்பந்தக்காரரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். கணவன் மெஷினை இயக்கினான். டப்பாவுக்கு முன்னால் அவரை நிறுத்தினான்.

"நீங்களே வாசிங்க. சத்தமா."

அவர் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி நிறுத்தி. கணவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்க உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டிருந்தான். ஆறு தூணில் நாலு தேறின. மூலைத் தூண்கள் இரண்டு தேறவில்லை.

"ரெண்டா?"

"ரெண்டு."

"மேல தளம் ஊத்தியிருந்தா?"

"அன்னைக்கே ஒண்ணும் ஆயிருக்காது. என்னைக்காவது ஒருநாள் ஆயிருக்கும்" என்றான் கணவன். "என்னைக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

என்ன செய்ய வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். அந்த இரண்டு தூண்களையும் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போட வேண்டும். அதற்கான வரைபடத்தைப் பழைய ஹெட் போட்டுக் கொடுத்தார், கேட்காமலேயே. கணவன் வகுப்பு முடிந்ததும் தினமும் அங்கே போய், கம்பி கட்டுவதிலிருந்து அச்சுப் பலகை பிரிப்பதுவரை பக்கத்திலேயே நின்றான்.

ஒருநாள் அவன் வாசல் குழாயில் முழங்கால் சிமென்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"நாலு பேர் முன்னாடி நின்னியாமே?"

"நின்னேன்."

"இவ நிக்க வெச்சாளா?"

"இல்ல. இவ என் பேரையே எடுக்கல. நானாத்தான் போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"ம். அப்புறம் எல்லாரும் உக்காந்து வேலை பார்த்தோம்."

அக்கா அதை நம்பலாமா என்று யோசித்தாள். உள்ளே, அன்று கூடவே போய்வந்த மண்ணு மேடம் சிமென்ட் பட்ட புடவையோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி நாத்தனார் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் உள்ளே வந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினாள்.

"வெங்காயமா நறுக்கற, செங்கல்லா அடுக்கற? தள்ளு. போய்ப் புடவைய ஊற வை ஹெட்டம்மா. சிமென்ட் காஞ்சா அப்புறம் துடைக்கறதுக்குக்கூட ஆகாது."

இதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பல்கலைக்கழக அலுவலகம் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தான்.

"ஒரே வாசகம். ஒரு புள்ளிகூட மாறல. டாக்டர் பட்டம் வாங்கி என்னம்மா பிரயோஜனம்?"

"கோவம் போயிடுச்சா?"

"போகல. எறங்கிட்டிருக்கு." கடிதங்களை மடித்தான். "அடுத்த செமஸ்டர் லேப் யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஆனா இனிமே ஒருத்தர் வாசிக்கணும், இன்னொருத்தர் டப்பாவைப் பாக்கணும். யாரா இருந்தாலும்."

"என்னை நம்பமாட்டே."

"என்னையும் நம்பமாட்டேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் படிக்கறேன். மூணு மணி நேரம் போகுது."

அவனுக்கு அது பிடிக்காமல் இல்லை.

குழு இன்னும் வரவில்லை. தேதியைத் தள்ளி வைத்திருந்தார்கள். வந்து என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. கட்டி கொண்டுவருகிறவர்கள் கொஞ்ச நாள் குறைந்தார்கள். பிறகு மருத்துவமனை ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

மழை வெறித்த ஒரு மதியம், மண்ணு மேடம் கால அட்டவணையை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன், ஆய்வக நேரத்துக்காகச் சண்டை போட வந்தவன், உட்கார்ந்திருந்தான். சர்வே சார் உள்ளே வந்தார். காதில் செல்போன் இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எட்டு மணி வகுப்பா சார்? அடுத்த முறை மாத்திடறேன்."

"அது கிடக்கட்டும் மேடம். வேற ஒண்ணு." கணவனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நம்ம மைதானத்து மூலையில ஒரு கல்லு நட்டு வெச்சிருக்கோமே, உயரத்துக்கெல்லாம் அதுதான் கணக்கு. அது இறங்கிடுச்சுன்னு நினைக்கறேன்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா எனக்குச் சந்தேகம். பசங்க எடுக்கற அளவு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது. பசங்க தப்புன்னு மார்க்கைக் குறைச்சுட்டே வந்திருக்கேன்."

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"யார்கிட்ட போய்ச் சொல்றது?"

கணவன் சிரிக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியை சர்வே சார் பக்கம் நகர்த்தினான். "உக்காருங்க சார். முதல்ல அந்தக் கல்லைத் தனியா சோதிச்சுப் பாத்துடுவோம். நான் வரேன்."

மண்ணு மேடம் பேனாவை மூடி வைத்தாள். வாசல் பக்கம் யாரோ நின்று நின்று நகர்வது தெரிந்தது. தண்ணீர் ஆய்வகத்து சார். உள்ளே எட்டிப் பார்த்தார், பின்வாங்கினார், மறுபடி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வாங்க. உங்களுக்கு என்ன?"

"அவரு முடிச்சுட்டு வரட்டும் மேடம்" என்றார், கதவைப் பிடித்தபடி. "என்னோடது கொஞ்சம் பெருசு."